நிரூபணம் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரியல் அனாலிசிஸ் விடைத்தாள் திருத்தும்போது ஒரு காட்சி தவறாமல் வரும். √2 விகிதமுறா எண் (இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண்) என்பதன் நிரூபணம் பெரும்பாலான தாள்களில் வரி பிசகாமல் இருக்கும், கைடில் உள்ள அச்சுப்பிழை உட்பட. அடுத்த வாரம் அதே பிள்ளைகளிடம் √3 என்று மாற்றிக் கேட்டால் பேனா நகராது.

நான் வேலூரில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணிதம் நடத்துகிறேன். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆற்காடு, சோளிங்கர் பக்கமிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளைகள். பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. விடை கண்டுபிடி என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். “நிரூபி” என்றால்தான் வண்டி நின்றுவிடும்.

இதை ரொம்ப நாள் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைப்பதில்லை. வண்டி நிற்கிற இடம் பெரும்பாலும் கணக்கு அல்ல, வாக்கியம். அதனால் என் பழுதுபார்ப்பு எல்லாமே ஒரு வேலையில்தான் போய் முடியும்: அந்த வரியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வைப்பது. சில இடங்களில் தமிழே காலை வாரும். அதையும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அங்கே போங்கள். குறிகளை மட்டும் வகுப்பில் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால்: √4 சோதனை

“√4 விகிதமுறா எண் என்று நிரூபி” என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அது பொய் என்று சொல்லாதீர்கள்.

சிலர் எழுதியே முடித்துவிடுவார்கள். √4 = பி/கியூ என்க, இரண்டுக்கும் பொதுக்காரணி இல்லை. பி² = 4கியூ². எனவே பி² நான்கால் வகுபடும். எனவே பி நான்கால் வகுபடும். பி = 4கே என்க. அப்படியானால் கியூ² = 4கே², கியூவும் நான்கால் வகுபடும், முரண்பாடு. முடிந்தது! பக்கத்தில் ஒருவர் “√4 இரண்டுதானே?” என்று கேட்கும்வரை முகத்தில் சலனமே இருக்காது. இவர்களிடம் இருப்பது மனப்பாடம். அடுத்த பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

இன்னும் சிலருக்கு எங்கோ தப்பு என்று தெரியும், எந்த வரியில் என்று சொல்ல வராது. பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான் பெரிது. இவர்களுக்கு மறுதலை (வாக்கியத்தைத் திசை திருப்பிச் சொல்வது), மறுப்பு பற்றிய பகுதிகள் உதவும்.

ஒன்றிரண்டு பேர் “பி² நான்கால் வகுபட்டால் பி நான்கால் வகுபடும்” என்ற வரியில் விரல் வைப்பார்கள். 36 நான்கால் வகுபடும், 6 வகுபடாது. 2 பகா எண் என்பதால் √2-இல் அந்த வரி நிற்கிறது, 4 என்பது 2 × 2 என்பதால் இங்கே விழுகிறது. முழு நிரூபணமும் அந்த ஒரு வரியின் தோளில்தான் இருக்கிறது. கைடில் அந்த வரிக்கு மட்டும் காரணம் எழுதியிருக்காது.

“எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை மேடம்”

வெற்றுத் தாள். உடனே குறிப்புக் கொடுக்காதீர்கள். முதலில் வரையறையைக் கேளுங்கள்.

“ஒன்றுக்கொன்றான சார்பு என்றால் என்னம்மா?”

“ஒரு எக்ஸுக்கு ஒரு ஒய் மேடம்.”

இதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அது சார்பு என்பதன் வரையறை, ஒன்றுக்கொன்றானதன் வரையறை அல்ல. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தொடங்க முடியாது. சாவியே இல்லாமல் வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வருகைப் பதிவேட்டை எடுத்து மேசையில் போடுவேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ரோல் நம்பர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிறந்தநாள். இரண்டுமே சார்புதான். ஆனால் ஒரே ரோல் நம்பர் இரண்டு இடத்தில் வந்தால் அந்த இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே ஆள். பிறந்தநாளுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? “ஒரே விடை வந்தால், போட்டதும் ஒன்றேதான்” என்று அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டால் நிரூபணம் பாதி முடிந்தது. “மூன்றால் பெருக்கி ஐந்து கூட்டு” என்ற சார்பு ஒன்றுக்கொன்றானதா? இரண்டு எண்களுக்கு ஒரே விடை வந்தது என்க. ஐந்தைக் கழி, மூன்றால் வகு, இரண்டும் ஒன்று. மூன்று வரி.

அதற்குப் பிறகு தாளை நடுவில் மடிக்கச் சொல்வேன். இடப்பக்கம் “கையில் இருப்பது”, வலப்பக்கம் “போக வேண்டிய இடம்”. இரண்டையும் வரையறைப்படி விரித்து எழுதாமல் நடுவில் ஒரு வரியும் எழுதக்கூடாது.

வரையறை சரியாகச் சொல்கிறார், மடித்தும் எழுதிவிட்டார், இன்னும் நகரவில்லையா? அப்படியானால் பழுது அவரிடம் இல்லை, நம்மிடம். நாம் பலகையில் காட்டுவது துவைத்து மடித்து இஸ்திரி போட்ட நிரூபணம். எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கத்தின் எல்லை 4 என்று நிரூபிக்கும்போது முதல் வரியிலேயே “டெல்டா என்பது 1, எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் சிறியது என்க” என்று எழுதுகிறோம். (எப்சிலான் என்பது விடையில் பொறுத்துக்கொள்ளும் விலகல், டெல்டா என்பது அதற்காக எக்ஸுக்கு அனுமதிக்கும் விலகல்.) அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். மேடத்துக்குத் தோன்றியது, நமக்குத் தோன்றாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வந்த வழி சாதாரணமானது. எக்ஸ் வர்க்கத்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு துண்டாக உடையும்: எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் கூட்டல் 2. முதல் துண்டு நம் கட்டுப்பாட்டில். இரண்டாவது துண்டு எவ்வளவு பெரிதாகும்? எக்ஸ், 2-ஐ விட்டு ஒன்றுக்கு மேல் விலகக்கூடாது என்று வைத்தால் அது 5-ஐத் தாண்டாது. அந்த ஐந்துதான் இது. பலகையின் வலது மூலையை ரஃப் வேலைக்கு ஒதுக்கி, மணி அடிக்கும்வரை அதை அழிக்காமல் விடுங்கள். நான் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான், செலவும் கிடையாது.

“ஒன்று, இரண்டு, மூன்று போட்டுப் பார்த்தேன், சரியா வருது”

ஒரு வட்டம் வரையுங்கள். அதன் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணையுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு? வகுப்பே 32 என்று கத்தும். எண்ணச் சொல்லுங்கள். 31. ஒரு பெண் தன் எண்ணிக்கையில்தான் தப்பு என்று மூன்று தடவை எண்ணினாள். (ஆறு புள்ளிகளையும் ஒழுங்கு அறுகோணமாக வைத்துவிடாதீர்கள். நடுவில் மூன்று கோடு ஒரே இடத்தில் வெட்டி 30தான் வரும், பாடம் குழம்பிவிடும். கொஞ்சம் கோணலாக வையுங்கள்.)

“ஐந்து வரை போனால் போதாது, ஐம்பது வரை போனால் போதும்” என்று யாராவது சொன்னால், 1772-இல் ஆய்லர் காட்டிய எண்கோவையைக் கொடுங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணைக் கழித்து 41 கூட்டு. 1 முதல் 40 வரை எதைப் போட்டாலும் பகா எண். 41 போட்டால் 41 × 41.

இதே பழுதின் மறுபக்கம் இன்னும் சுவாரசியம். எதிர் எடுத்துக்காட்டைக் கண்ணெதிரே காட்டிய பிறகும் “அது ஒன்று மட்டும் விதிவிலக்கு மேடம்” என்பார்கள். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். இலக்கண வகுப்பில் விதி சொன்ன கையோடு புறனடை சொல்லித் தந்திருக்கிறோம். அங்கே விதிக்கு அடங்காதவை விதியைக் கெடுப்பதில்லை. இங்கே ஒன்று தப்பினால் விதியே போச்சு. இந்த வித்தியாசத்தை ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும், புரிந்துகொள்கிறார்கள்.

போட்டுப் பார்ப்பதை மட்டும் தடுக்காதீர்கள். அது தேடும் வேலை, அதைச் செய்யாமல் நிரூபணம் கிடைக்காது. விடைத்தாளில் அதையே முடிவாக எழுதுவதுதான் தப்பு.

கடைசி வரியில் “0 ≥ 0, எனவே நிரூபிக்கப்பட்டது”

நிரூபிக்க வேண்டியதை முதல் வரியில் எழுதி, இருபக்கமும் எதையாவது செய்துகொண்டே போய், கடைசியில் யாரும் மறுக்காத ஒன்றில் வந்து நிற்பது.

இரண்டு எண்களின் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரிக்கு (பெருக்கலின் வர்க்கமூலத்துக்கு) குறையாது என்ற கணக்கில் இது கட்டாயம் வரும். வர்க்கப்படுத்து, நான்கால் பெருக்கு, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவா, இரண்டு எண்களின் வித்தியாசத்தின் வர்க்கம் பூச்சியத்துக்குக் குறையாது. உண்மைதான், எனவே நிரூபிக்கப்பட்டது.

சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். இரண்டு எண்ணும் −1 என்று வைத்து, அவர் எழுதிய வரிகளிலேயே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். சராசரி −1. பெருக்கல் 1, அதன் வர்க்கமூலம் 1. முதல் வரி சொல்வது: −1 என்பது 1-க்குக் குறையாது. பச்சைப் பொய். வர்க்கப்படுத்தினால் 1 ≥ 1. கடைசி வரி 0 ≥ 0. பொய்யில் ஏறி உண்மையில் இறங்கியிருக்கிறோம். “ஆக, உண்மையில் வந்து சேர்ந்தது எதையும் காட்டவில்லையே” என்று அவரே சொல்ல வேண்டும். சொல்லவைக்க நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் அதே வரிகளைக் கீழிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் “திரும்பி வர முடியுமா?” என்ற கேள்வி. வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் நின்றுவிடும். இரண்டு எண்ணும் குறை எண் அல்ல என்றால்தான் அந்தப் படியில் திரும்ப முடியும். கேள்வியில் “மிகை எண்கள்” என்று ஏன் போட்டிருக்கிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரியும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு “என்க” என்ற சொல் பழக்கம். எதை “என்க” என்று சொல்லலாம்? கேள்வி கொடுத்ததைச் சொல்லலாம், புதிதாகப் பெயர் வைப்பதைச் சொல்லலாம். போய்ச் சேர வேண்டிய இடத்தை “என்க” என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் “லெட்” போட்டு இதை மறைத்துவிடுகிறார்கள். “என்க” என்று மாற்றிப் படித்தால் உடனே உறுத்தும்.

கேட்டது ஒன்று, நிரூபித்தது அதன் மறுதலை

“ஒரு தொடர் ஒருங்கினால் அதன் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கும்.” தேற்றம் இது (ஒருங்குவது என்றால், கூட்டிக்கொண்டே போகும்போது கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிலைப்பது). விடைத்தாளில் வருவது: “உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன, எனவே தொடர் ஒருங்கும்.” எம்.எஸ்சி. தாளிலும் பார்த்திருக்கிறேன்.

காரணம் வீட்டில் இருக்கிறது. “சாப்பிட்டால் விளையாடப் போகலாம்” என்று அம்மா சொன்னால் சாப்பிடாமல் போக முடியாது என்பதும் அதற்குள்ளேயே அடக்கம். பேச்சுத் தமிழில் “ஆல்” என்பது அநேகமாக இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. பதினெட்டு வருடம் அப்படிக் கேட்டு வளர்ந்தவரிடம் திடீரென்று “ஒரு பக்கம் மட்டும்தான்” என்கிறோம்.

மருந்தும் அதே தமிழில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாருக்கும் கலெக்டர் அறிவிப்பின் மேல்தான் கண். அதையே எடுத்துக்கொள்வேன்.

“கனமழை பெய்தால் விடுமுறை.”
“கனமழை பெய்தால்தான் விடுமுறை.”
“கனமழை பெய்தாலும் விடுமுறை.”

முதல் வாக்கியம் உண்மை என்று வையுங்கள். இன்று விடுமுறை. மழை பெய்ததா? தெரியாது, பொங்கலாகவும் இருக்கலாம். இன்று விடுமுறை இல்லை. மழை பெய்ததா? கனமழை பெய்யவில்லை, நிச்சயம். இதுதான் கான்ட்ராபாசிட்டிவ், பெயரைப் பிறகு சொன்னால் போதும். இரண்டாவது வாக்கியத்தில் திசை திரும்பிவிடுகிறது: விடுமுறை என்றால் மழை பெய்திருக்கிறது. மூன்றாவதில் மழைக்கு வேலையே இல்லை. ஒரு “தான்”, ஒரு “உம்”. இத்தனை சின்ன இடத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டும் வசதி நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்று தெரியவில்லை.

இப்போது தொடருக்கு வாருங்கள். “உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கினால்தான் தொடர் ஒருங்கும்.” உண்மை. “நெருங்கினால் ஒருங்கும்.” பொய். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். உறுப்பு பூச்சியத்தை நெருங்குகிறது. ஆனால் மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை, அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் எங்கே நிற்கும்? 14-ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் சொன்ன வாதம் இது. இன்றும் பலகையில் போட இரண்டு நிமிடம் போதும்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு கேள்வி கட்டாயம்: இதில் “தான்” போடலாமா? ஒரு சார்பு வகையிடத்தக்கதானால் தொடர்ச்சியானது. “தான்” போடலாமா? போடமுடியாது, மட்டு எக்ஸ் (எக்ஸின் குறியை நீக்கிய மதிப்பு) பூச்சியத்தில் தொடர்ச்சியானது, ஆனால் அங்கே முறிந்து திரும்புவதால் வகையிட முடியாது. ஒரு பருவம் இப்படிக் கேட்டால் பிள்ளைகள் நமக்கு முன்னால் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வரையறைகளில் வெறும் “ஆல்”, “எனில்” என்று எழுதியிருந்தாலும் அது இருபக்கமும்தான். புத்தகம் எழுதுகிறவர்களின் சோம்பல். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அதில் மாட்டிக்கொண்டு தவிக்கும்.

“எல்லாம்” என்பதை மறுக்கத் தெரியவில்லை

முரண்பாட்டு நிரூபணத்தின் (நிரூபிக்க வேண்டியதை மறுத்துத் தொடங்கி முரண்பாட்டில் முடிப்பது) முதல் வரி தப்பாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இது. இங்கேதான் தமிழ் காலை வாரும் என்று சொன்னேன்.

“எல்லாரும் தேறவில்லை.” இதைப் பலகையில் எழுதி, எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். பாதி வகுப்பு “ஒருத்தரும் இல்லை” என்னும். மீதி “சிலர் தேறினார்கள், சிலர் தேறவில்லை” என்னும். இரண்டும் தமிழில் சரி. கணிதத்தில் இரண்டும் ஒன்றல்ல. இதில் குழம்புவது பிள்ளையின் குற்றமில்லை, வாக்கியமே இரட்டை வேஷம் போடுகிறது.

அதனால் என் வகுப்பில் “எல்லா… இல்லை” என்ற அமைப்புக்குத் தடை. இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம்: “ஒருவர்கூடத் தேறவில்லை” அல்லது “தேறாதவர் ஒருவராவது இருக்கிறார்”. “கூட… இல்லை” என்றால் முழு மறுப்பு. “ஆவது” என்றால் குறைந்தது ஒன்று.

பழக்கத்துக்கு நம் ஊரைப் பற்றிய பழைய கேலியே போதும். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை. ஒவ்வொன்றையும் மறுத்துச் சொல் என்பேன்.

“மலையில் மரமில்லை” என்பதன் மறுப்பு? “மலை முழுக்க மரம்” என்று வரும். அது நேர் எதிர், மறுப்பு அல்ல. “மலையில் ஒரு மரமாவது இருக்கிறது” போதும். ஒரே ஒரு வேப்பங்கன்று அந்தக் கேலியைப் பொய்யாக்கிவிடும். பாலாறு? “எப்போதும் நீரில்லை” என்று சொன்னால் 2021 நவம்பர் வெள்ளமே மறுப்பு. “அநேகமாக நீரில்லை” என்று சொன்னால் அந்த வெள்ளம் மறுப்பாகாது, ஆனால் அந்த வாக்கியம் கணித வாக்கியமும் ஆகாது. சாமியில்லாத கோயில் என்பது 1981-இல் ஜலகண்டேஸ்வரரை மீண்டும் கோட்டைக்குள் பிரதிஷ்டை செய்ததோடு பொய்யாகிவிட்டது. கேலி மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அரசனில்லாத கோட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அது இன்னொரு பழுதையும் சேர்த்துச் சரிசெய்யும். “இன்று கோட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு அரசனுக்கும் மூன்று கை.” உண்மையா, பொய்யா? வகுப்பு இரண்டுபட்டுப்போகும். பொய் என்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: மறுப்பைச் சொல்லு. “மூன்று கை இல்லாத அரசன் ஒருவனாவது கோட்டைக்குள் இருக்கிறான்.” சரி, கூட்டிக்கொண்டு வா. யாரைக் கூட்டிவருவது? மறுப்பு பொய், ஆகவே வாக்கியம் உண்மை. உறுப்பே இல்லாத வெற்றுக் கணம் எல்லாக் கணத்துக்கும் உட்கணம் என்பதை அதுவரை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு பையன் அதன் பிறகு விடைத்தாளில் “மூன்று கை அரசன் போல” என்றே எழுதிவிட்டான். மதிப்பெண் போட்டேன்.

இதே பகுதியில் இன்னொரு கோளாறு: வரிசை மாறுவது. “ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு.” “எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி.” ஒரு, ஒரே. பூட்டு என்பது கோட்டில் ஒரு புள்ளி, சாவி என்பது அதற்கான டெல்டா. முதலாவது தொடர்ச்சி, இரண்டாவது சீரான தொடர்ச்சி. மெய்யெண் கோடு முழுவதிலும் எக்ஸ் வர்க்கம் தொடர்ச்சியானது, ஆனால் தள்ளிப் போகப் போக டெல்டா சுருங்கிக்கொண்டே போகிறது, ஒரே சாவி கிடையாது. இருமுனையும் அடைத்த வரம்புள்ள இடைவெளிக்குள் நின்றுகொண்டால் ஒரே சாவி கிடைத்துவிடும்.

“ஏதேனும் ஓர் எப்சிலான்” என்ற பிரயோகத்தையும் விட்டுவிடுங்கள். “ஏதாவது ஒன்று எடுத்துக்கோ” என்றுதான் அது காதில் விழுகிறது. பிள்ளை சௌகரியமாக 1-ஐ எடுத்துக்கொள்கிறது. “எந்த எப்சிலானைத் தந்தாலும், அதற்கு ஒரு டெல்டாவாவது உண்டு” என்று சொல்லுங்கள். தருகிறவர் வேறு ஆள் என்பது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. நான் இரண்டு பெஞ்சைப் பிரித்து விளையாட்டாகவே நடத்துவேன். ஒரு பெஞ்ச் எப்சிலான் தரும், எதிர் பெஞ்ச் டெல்டாவைத் தர வேண்டும். 0.001, 0.00001 என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் எதிர் பெஞ்ச் அலுத்துப்போய் “எதைக் கொடுத்தாலும் ஐந்தால் வகுத்துக்கோ, ஒன்றுக்கு மேல் மட்டும் போகாதே” என்று கத்தும். அந்தக் கத்தல்தான் நிரூபணம்.

தொகுத்தறிதல் இயந்திரமாகிவிட்டது

முதல் எண்ணுக்கு உண்மை என்று காட்டி, கே என்ற எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டுவதுதான் தொகுத்தறிதல். பழுது இரண்டு விதமாக வரும். “கே-வுக்கு உண்மை என்று வைத்துக்கொள்வது, நிரூபிக்க வேண்டியதையே எடுத்துக்கொள்வது ஆகாதா?” என்று ஒரு பிள்ளை கேட்டால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்லுங்கள். கே-வுக்கு உண்மை என்று நாம் சொல்லவில்லை. “கே-வுக்கு உண்மையானால் அடுத்ததற்கும்” என்ற “ஆல்” வாக்கியத்தை மட்டும் நிரூபிக்கிறோம்.

யாருமே கேட்காமல், முதல் எண்ணுக்குச் சரிபார்ப்பதைச் சடங்காகச் செய்துவிட்டுப் போனால்தான் கவலை. அவர்களுக்கு: 1 முதல் ஓர் எண் வரையான கூட்டுத்தொகை, அந்த எண்ணின் வர்க்கம் கூட்டல் அதே எண் கூட்டல் 2, அதில் பாதி. அடுத்த எண்ணைக் கூட்டினால் வாய்பாடு அப்படியே பொருந்தும், ஒரு குறையும் இல்லை. ஆனால் 1 போட்டால் 2 வருகிறது. எந்த எண்ணுக்குமே உண்மையில்லாத வாய்பாடு, படி மட்டும் அழகாக ஏறுகிறது. வள்ளிமலையில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத் தெரிந்தவர், அடிவாரத்துக்கே வரவில்லை.

எதற்கெடுத்தாலும் “மாறாக வைத்துக்கொள்வோம்”

நேரே மூன்று வரியில் முடிவதைக்கூட மறுப்பில் தொடங்கி, நடுவில் நேர் நிரூபணத்தையே எழுதி, கடைசியில் “முரண்பாடு” என்று முடிப்பார்கள். தப்பில்லை, முதல் வரியையும் கடைசி வரியையும் அடித்துவிட்டுப் படித்துக் காட்டினால் போதும்.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற யூக்ளிடின் நிரூபணத்தில் மட்டும் கவனம் தேவை. “எல்லாப் பகா எண்களையும் பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது பகா எண்” என்று எழுதிப் பழகிவிடுகிறார்கள். 2, 3, 5, 7, 11, 13 பெருக்கி ஒன்று கூட்டினால் 30031. அது 59 × 509. புதிய பகா எண் கிடைக்கிறது, ஆனால் அது 30031 அல்ல, அதன் காரணி.

தாள் முழுக்கக் குறி, ஒரு வாக்கியம் இல்லை

மூன்று புள்ளியும் அம்புக்குறியும் மழையாகப் பொழிந்திருக்கும். தாளைத் திருப்பிக் கொடுத்து, எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அம்புக்குறி வந்த இடத்தில் “எனவே” என்று சொல்ல வேண்டும். பொருந்தாத “எனவே” காதுக்கு உடனே கேட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் முதல் வரைவைத் தமிழில் எழுத விடுங்கள். ஆங்கிலம் வராததால் எழுதவில்லையா, வாதம் வராததால் எழுதவில்லையா என்பது அப்போதுதான் பிரியும்.

“இது எக்ஸாம்ல வருமா மேடம்?”

இதைக் குறையாகப் பேசிப் பயனில்லை. பத்து மதிப்பெண் கேள்விக்குப் பழைய வினாத்தாளைப் பார்த்துத் தயாராவது அவர்கள் நியாயம். கேள்வியை மாற்றுவதுதான் வழி. ஒரு பருவம் இன்டர்னல் தேர்வில் தப்பான நிரூபணம் ஒன்றை அச்சடித்து, “எந்த வரியில் பிழை? ஏன்?” என்று கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அதையே அசைன்மென்ட் என்று பெயர் மாற்றிக் கொடுத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிழை கண்டுபிடிக்க ஐந்து மதிப்பெண் என்றால் பிள்ளைகள் கழுகு மாதிரி பார்ப்பார்கள்.

பழுது போனதா என்று பார்க்க

பருவ முடிவில் √4-ஐ மறுபடி கொடுக்காதீர்கள், விடை தெரிந்துபோயிருக்கும். √12 கொடுங்கள்.

சென்ற முறை கொடுத்தபோது குடியாத்தத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி சட்டென்று பிடித்துவிட்டாள். “36 பன்னிரண்டால் வகுபடும், 6 வகுபடாது. அந்த வரி உடையுது மேடம்.” உட்காரப் போனவள் மறுபடி எழுந்தாள். “ஆனா √12 விகிதமுறா எண்தானே? நிரூபணம் உடைஞ்சா சொன்னது பொய்யின்னு ஆகாதா?”

“ஆகுமா? ‘ஆல்’ போட்டுச் சொல்லிப் பாரும்மா.”

கொஞ்ச நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மணி அடித்துவிட்டது, மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டை விட்டுவிட்டு மூன்றால் வகுத்துப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே பலகையில் எழுதி வைத்திருந்தாள், வலது மூலையில் ரஃப் வேலையோடு.